கம்பைக் கீழே போடு

எங்கள் ஊரில் வலது, இடது கிடையாது. பந்தியில் நெருக்கி உட்கார்ந்திருந்தால் "கொஞ்சம் கிழக்க தள்ளி உக்காருல" என்பார்கள். உப்பு எங்கே என்று கேட்டால் "அடுப்புக்கு மேக்க" என்று பதில் வரும். கல்லிடைக்குறிச்சியில் வடக்கே போனால் தாமிரபரணி, தெற்கே பார்த்தால் மலை. இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் கரண்ட் போன ராத்திரியில்கூடத் திசை தப்பாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 1992 கோடையில் நான் முதன்முதலாக விளையாடிய கம்ப்யூட்டர் விளையாட்டும் என்னிடம் இதைத்தான் கேட்டது. படம் இல்லை, சத்தம் இல்லை, யாரையும் சுட வேண்டியதில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் நாலு வரி. அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு மின்னி மின்னிக் காத்திருக்கும். வடக்கா தெற்கா, சொல்லு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. பாளையங்கோட்டையில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். பெரியம்மா மகன் என்னைவிட ஆறு வயது மூத்தவன்; அண்ணன் என்றே எழுதுகிறேன். வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போது ஜங்ஷன், முருகன்குறிச்சிப் பக்கமெல்லாம் மாடிகளில் இப்படிச் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், பேசிக் என்று போர்டில் எழுதியிருக்கும். கீழ்த்தளத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பார்கள். சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த கால், ஏசி அறையின் மொசைக் தரையில் பட்டதும் முழங்கால் வரைக்கும் ஜில்லென்று ஏறும். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தரைதான். ஆறு மெஷின்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தது ஒன்றில் மட்டும், அதுவும் முதலாளி அறையில். மற்றவற்றில் அஞ்சேகால் இஞ்ச் ஃபிளாப்பியைப் போட்டு, மெஷினை ஓடவைக்கும் டாஸை ஏற்றி, அதை எடுத்துவிட்டு அடுத்த ஃபிளாப்பியைப் போட வேண்டும். ஒரு ஃபிளாப்பியில் 360 கேபி. இப்போது போனில் எடுக்கிற ஒரு போட்டோ அதில் அடங்காது.

ஞாயிற்றுக்கிழமை கிளாஸ் கிடையாது. சாவி அண்ணனிடம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் லேபிள் கிழிந்த ஒரு ஃபிளாப்பியைப் போட்டுவிட்டு, "ஏலே, இதப் படிச்சு என்னன்னு சொல்லு, எனக்கு மண்டை காயுது" என்றான். அட்வெஞ்சர் என்று அதற்குப் பெயர். கலாஸல் கேவ் என்றும் சொல்வார்கள்.

ஒரு ரோட்டின் முடிவில் நிற்கிறாய். எதிரே சின்னதாக ஒரு செங்கல் கட்டடம். சுற்றிலும் காடு. கட்டடத்திலிருந்து ஒரு ஓடை வெளியே வந்து பள்ளத்தில் இறங்கிப் போகிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான். நானோ தமிழ் மீடியம். பள்ளத்துக்கு அவர்கள் போட்டிருந்த வார்த்தை கல்லி. எனக்குத் தெரிந்த கல்லி, பாயின்ட்டுக்கும் ஸ்லிப்புக்கும் நடுவில் ஃபீல்டிங் நிற்கிற இடம். உலகக் கோப்பை பார்த்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. காட்டுக்குள் எதற்குக் கிரிக்கெட் என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். அடுத்த வாரம் லிஃப்கோ அகராதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். அப்புறம் தரையில் ஒரு கிரேட் வந்தது, பூட்டியிருக்கிறது என்றது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட அர்த்தம் துருவு. தேங்காய்த் துருவியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அண்ணனிடம் சொல்ல, அவன் சிரித்த சிரிப்பில் கீழே டைப்ரைட்டிங் சத்தம் அமுங்கிப் போயிருக்கும். நல்லவேளை, அவர்களுக்கும் ஞாயிறு லீவு. அது இரும்புக் கம்பி போட்ட மூடி. கட்டடத்துக்குள் கிடந்த சாவியை எடுத்து வந்து திறந்தால் குகைக்குள் இறங்கலாம்.

ஒரு விஷயத்தில் அந்த விளையாட்டுக்கு நல்ல மனசு. ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தை மட்டும்தான் அது பார்க்கும். மீதியை எப்படி எழுதினாலும் கண்டுகொள்ளாது. பரீட்சைப் பேப்பரில் ஒரு எழுத்துக்கு அரை மார்க் பறிகொடுத்துக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். எந்த வாத்தியாரும் இந்தச் சலுகையைக் கொடுத்ததில்லை.

உள்ளே போனதும் தவழ்ந்து போகிற ஒரு பாதையில் ஒரு கூண்டு கிடக்கும். அடுத்த அறையில் ஒரு கறுப்புக் கம்பு. அதன் ஒரு முனையில் துருப்பிடித்த நட்சத்திரம். அந்த அறைச் சுவரில் யாரோ ஒரு சொல்லைக் கிறுக்கி வைத்திருப்பார்கள். எக்ஸ், ஒய், இரண்டு இசட், மறுபடி ஒய். உச்சரிக்கவே முடியாத மந்திரம். அதை டைப் செய்தால் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே செங்கல் கட்டடத்தில் இருப்போம். அங்கே டைப் செய்தால் திரும்பவும் குகைக்குள். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஓர் அறையில் குருவி ஒன்று பாடிக்கொண்டிருக்கும்.

அந்தக் குருவியில்தான் நாங்கள் மாட்டினோம். பிடி என்றால், முதலில் பயமில்லாமல் இருந்த குருவி கிட்டே போனதும் மிரள்கிறது, பிடிக்க முடியவில்லை என்கிறது. கூண்டு இருக்கிறதே? இருந்தும் அதே பதில். சோறு போட்டுப் பார்த்தோம். அதற்குப் பசியில்லை, உன்னிடம் தானியமும் இல்லை என்றது. பேசிப் பார்த்தோம், கத்திப் பார்த்தோம், விளக்கை அணைத்துப் பார்த்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயின. அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் தெரிந்த வினைச்சொல்லையெல்லாம் எழுதி வரிசையாக அடித்துக்கொண்டே வந்தான். குருவி மிரண்டுகொண்டே இருந்தது.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனேன். பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று கட்டபொம்மன் பஸ் நின்று நின்று போகும். வழியெல்லாம் குருவிதான். வீட்டுக்குப் போனால் ஆச்சி தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், கூழ் வத்தல் காயப்போட்டிருந்தாள். (கல்லிடைக்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் அப்பளம்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஆச்சிக்கு அப்பளத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது, வத்தல்தான் அவளுக்கு உசத்தி.) பழைய வேட்டியை விரித்து வரிசை வரிசையாகப் பிழிந்திருந்தாள். சுவரோர நிழலில் ஒரு பலகை. கையில் நீளமாக ஒரு கம்பு, நுனியில் கிழிந்த குடைத்துணி. காக்கைக்காக.

"என்னல, அங்க போயி என்ன படிச்ச?"

டிபேஸ் என்று சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன். காட்டுக்குள் ஒரு வீடு, பூட்டின மூடி, குகை, குருவி. ஆச்சி அதை அழிப்பாங்கதை போடுவது மாதிரியே கேட்டுக்கொண்டாள். எங்கள் பக்கம் விடுகதைக்கு அப்படித்தான் சொல்வார்கள். அவளிடம் நூறு இருக்கும். ஒன்றுக்கு விடை சொல்லாமல் ஓடினால் மறுநாள் அதே இடத்தில் பிடித்து நிறுத்துவாள்.

"கையில என்னென்ன வச்சிருக்க?"

"சாவி, விளக்கு, சோத்துப் பொட்டலம், தண்ணி பாட்டில், கூண்டு, ஒரு கம்பு."

"கம்பா? என்ன கம்பு?"

"கறுப்புக் கம்பு. ஒரு முனையில நட்சத்திரம் இருக்கு."

ஆச்சி கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். வத்தலுக்கு நாலடி தள்ளிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தாள். கம்பை மெதுவாகத் தரையில் வைத்தாள். காக்கை சுவரிலிருந்து இறங்கி இரண்டு எட்டு முன்னால் வந்தது.

"கம்பக் கீழ போட்டுட்டுப் போல" என்றாள். காக்கை இன்னும் ஒரு எட்டு வைத்ததும் கம்பை எடுத்து ஒரு வீசு வீசினாள்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் நானே உட்கார்ந்து கம்பைக் கீழே போடச் சொல்லி அடித்தேன். குருவியைப் பிடி என்றேன். சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது. குருவி கூண்டுக்குள். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"யாருல சொன்னா?"

"ஆச்சி."

"எந்த ஆச்சி?"

"நம்ம ஆச்சிதான்."

அதற்குப் பிறகு எங்கே மாட்டினாலும் அவன் என்னைப் பஸ் ஏற்றிவிட ஆரம்பித்தான். ஆச்சி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள் என்று சொன்னால் பொய். ஒரு பெரிய மண்டபத்தில் பச்சைப் பாம்பு ஒன்று வழியை மறித்துக் கிடக்கும். அதற்குப் பால் வைக்கச் சொன்னாள், வழி விடும்வரை காத்திருக்கச் சொன்னாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அண்ணன் கோபத்தில் குருவியைத் திறந்துவிட, அது பாய்ந்து பாம்பைத் துரத்திவிட்டது. இது அநியாயம் என்று எனக்குப் பட்டது. ஆச்சிதான் அடித்துச் சொன்னாள், "கரிச்சான்குருவி பருந்தையே வெரட்டும், பாம்ப வெரட்டாதா? அது கரிச்சானாத்தான் இருக்கும்." விளையாட்டில் குருவி என்ன குருவி என்று எழுதவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு அது கரிச்சான்.

ஒரு டிராகனையும் அண்ணன்தான் தீர்த்தான், அதுவும் எரிச்சலில். கொல்லு என்றால், எதை வைத்து, வெறுங்கையாலா என்று நக்கலாகத் திருப்பிக் கேட்கும். பத்துத் தடவை கேட்டு வாங்கின பிறகு, ஆமாம்ல என்று வாயால் சொல்லிக்கொண்டே யெஸ் என்று தட்டினான். செத்துப் போனது. நம்ப முடிகிறதா என்று விளையாட்டே வியந்துகொண்டது. பதில் எதிர்பார்க்காமல் கேட்ட கேள்வி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சந்துகள்தான் எங்களைக் கொன்றன. வளைந்து வளைந்து போகும் சின்னச் சின்னச் சந்துகள், எல்லாம் ஒரே மாதிரி. எந்த அறைக்குப் போனாலும் எழுத்து மாறாமல் அதே வரி வரும். திசை தெரிந்தவன் என்ற என் கர்வம் அங்கே விழுந்தது. வடக்கே போய்விட்டுத் தெற்கே திரும்பினால் வேறெங்கோ நிற்போம். இதை ஆச்சியிடம் சொன்னபோது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வடக்க போயிட்டுத் தெக்க வந்தா பொறப்பட்ட எடத்துக்குத்தான வரணும்? அதக் கட்டுனவன் கொத்தனாரா, களவாணியா?"

பாதி உண்மை. அந்தச் சந்துகளுக்குள் ஒரு கொள்ளைக்காரன்தான் புதையல் பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறான்.

வழி கண்டுபிடிக்கும் முறையை அண்ணன் யோசித்தான். ஒவ்வொரு அறையிலும் ஒரு சாமானைப் போட்டுவிட்டு நகர வேண்டும். சாவி கிடந்தால் ஒன்றாம் அறை, பாட்டில் கிடந்தால் இரண்டாம் அறை. பெரியப்பா கடையில் பழைய பற்றுவரவு நோட்டு ஒன்று கேட்டு வாங்கினோம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று கோடு போட்டிருக்கும். பற்றுப் பக்கத்தில் எங்கிருந்து, வரவுப் பக்கத்தில் எங்கே என்று எழுதினோம். 'சாவி அறை, மேக்க, சோத்து அறை. சோத்து அறை, தெக்க, மறுபடி சோத்து அறை.' போட்டுக்கொண்டே போனதில் கையில் சாமான் தீர்ந்துவிட்டது. அடுத்த அறைக்கு அடையாளமாக அண்ணன் விளக்கைப் போட்டுவிட்டுக் கிழக்கே நடந்தான். ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் புரியவில்லை. திரை சொல்லித்தான் தெரிந்தது, இருட்டாக இருக்கிறது என்று. அடுத்த அடியில் குழியில் விழுந்து எலும்பெல்லாம் நொறுங்கிச் செத்தோம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அண்ணன் கையெழுத்தில் 'விளக்கைக் கீழே போடாதே மூதேவி' என்று இருக்கிறது. யாரைத் திட்டினான் என்று இதுவரை கேட்கவில்லை.

லீவு முடிந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன். நவம்பரில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் அந்த வெள்ளம். 1992 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் தாமிரபரணிக் கரையில் இன்னும் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அணைகள் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட, ஆறு படித்துறையோடு நிற்காமல் தெருவைப் பார்த்து வந்தது. எங்கள் தெரு மேடு, தப்பித்தோம். பஸ் இல்லை, ரயில் இல்லை, கரண்ட் இல்லை. ராத்திரியெல்லாம் ஆறு இரைகிற சத்தம். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"அந்தக் குகைக்குப் போவமா?" என்றாள் ஆச்சி.

மெஷின் இல்லாமல் எப்படிப் போக? நான்தான் மெஷின் ஆனேன். பெரும்பாலான அறைகள் எனக்கு மனப்பாடம். ஆச்சி ஆணை போடுவாள், நான் பதில் சொல்வேன். தெரிந்த வினைச்சொல்லுக்குத்தான் பதில், மற்றதற்கு 'புரியவில்லை' என்று பேச்சு வைத்துக்கொண்டோம். ஆச்சி முதலில் வீட்டுக்குள் போனாள். சாமான்களை எடுத்தாள். விளக்கை எடுத்ததும் நானாகவே ஏற்றினேன், நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

"இப்ப பகலா ராத்திரியா?"

"பகல்."

"பட்டப்பகல்ல ரோட்டுல போறதுக்கு எதுக்குல வெளக்கு? ரேசன்ல எவ்வளவு மண்ணெண்ணெ போடுதான்னு தெரியுமா ஒனக்கு? அணை. கீழ எறங்குனப்புறம் ஏத்து."

நாங்கள் ஆறு மாதமாகச் செய்த தப்பு அது. அந்த விளக்கில் பேட்டரி தீரும். எரிகிற ஒவ்வொரு அடிக்கும் கணக்கு ஓடும். அதைக் கட்டடத்திலேயே ஏற்றிக்கொண்டு, வெயிலில் நடந்து, குகைக்குள் பாதியில் மங்கிப்போய்ச் சாவோம். விளக்கை ஏற்றி இறக்கித் திரி வெட்டி வாழ்ந்த கிழவிக்கு அது முதல் நிமிஷத்திலேயே கண்ணில் பட்டது.

பாம்பு முன்னால் வந்து நின்றபோது, பால் வை என்றாள். உன்னிடம் பால் இல்லை. அப்போ கும்பிடு. அந்தச் சொல் எனக்குத் தெரியாது.

"சாமி கும்பிடத் தெரியாத மிசினு என்ன மிசினு" என்று சலித்துக்கொண்டாள். சுவரில் எழுதின மந்திரத்தைச் சொல்லச் சொன்னால் வாயில் நுழையவில்லை. "அந்த எளவெல்லாம் எனக்கு வராது. நான் முருகான்னு சொல்லுதேன், நீ கொண்டு போயி வெளிய விட்டுரு." சரி என்றேன். மூல ஆசிரியர்கள் மன்னிக்கட்டும்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மைனியும் அவள் பிள்ளைகளும் வந்தார்கள். மூன்றாம் நாள் எட்டுப் பேர். "பாட்டில்ல தண்ணி மொண்டுக்கோங்க அத்தே, தேவைப்படும்" என்று மைனி சொல்ல, "கைய வீசிட்டுப் போறத விட்டுட்டுச் சொமக்கச் சொல்லுதா" என்று ஆச்சி முறுக்கிக்கொள்ள, ஒரு முடிவுக்கு வரவே அரை மணி நேரம் ஆகும். எனக்கு மறந்துபோன அறைகளை நானே கட்டினேன். குகைக்குள் ஒரு படித்துறை வந்தது, கன்னடியன் கால்வாய் மாதிரி ஒரு வாய்க்கால் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடைசி ராத்திரி படுக்கப்போகும்போது கேட்டாள், "அந்தக் கரிச்சான் என்னாச்சு?"

"பாம்பு கெடந்த மண்டபத்துலதான் இருக்கு."

"இருட்டுலயா?"

மெஷினிடம் இதற்குப் பதில் இல்லை. புரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் "ம்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் குகை நிஜமான குகை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கென்டக்கியில் இருக்கும் மம்மத் குகைத் தொகுதியின் ஒரு பகுதி. எழுதியவர் வில் குரோத்தர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டைக் கட்டிய நிறுவனத்தில் புரோகிராமர். ஓய்வு நேரத்தில் குகைக்குள் இறங்கி அளந்து வரைபடம் போடுகிறவர். அவர் மனைவியும் அப்படித்தான். 1972இல் பக்கத்துக் குகைத் தொகுதி ஒன்று மம்மத் குகையோடு உள்ளுக்குள் சேருகிறது என்று கண்டுபிடித்த குழுவில் அந்த அம்மாவும் இருந்தார். பிறகு கணவன் மனைவி பிரிந்துவிட்டார்கள். 1975, 76 வாக்கில், தன்னைப் பார்க்க வருகிற இரண்டு மகள்களுக்காக, தனக்குக் கைரேகை மாதிரி தெரிந்த அந்தக் குகையை குரோத்தர் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைத்தார். அதை ஸ்டான்ஃபோர்டில் பார்த்த டான் உட்ஸ், சேர்த்து எழுத அனுமதி கேட்க குரோத்தரின் முகவரி தெரியாமல், நெட்வொர்க்கில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் குரோத்தர் என்ற பெயர் போட்டுக் கடிதம் அனுப்பினார். ஊர் ஊராக ஆள் விட்டுத் தேடுகிற மாதிரி. கிடைத்தார். 1977இல் உட்ஸ் பெருக்கி எழுதியதுதான் 350 புள்ளிகள் கொண்ட அட்வெஞ்சர்.

அந்தப் பழைய புரோகிராமைப் பற்றிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்து தலையில் கைவைத்தேன். தொடக்கத்திலேயே அது ஒரு கேள்வி கேட்கும்: விளக்கக் குறிப்பு வேண்டுமா? வேண்டும் என்று சொன்னால் 5 புள்ளி குறையும், ஆனால் விளக்கு 330 ஆணைக்குப் பதில் 1,000 ஆணை வரைக்கும் எரியும். புதியவன் என்று தெரிந்து பரிதாபப்படுகிறது. இங்கிலீஷ் பத்தி படிக்கப் பயந்துகொண்டு நாங்கள் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றே அடித்தோம்.

படம் போட்ட விளையாட்டுகள் எனக்குக் காலேஜில்தான் வந்தன. வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டவை; கலர் மானிட்டரும் ஃபிளாப்பிப் பிரதிகளும் எங்கள் பக்கம் இறங்கி வரக் காலம் பிடித்தது. ராபர்ட்டா வில்லியம்ஸ் எழுதிய கிங்ஸ் குவெஸ்ட் 1984ஆம் வருஷத்து விளையாட்டு. கட்டளையை இன்னும் டைப்தான் செய்ய வேண்டும், ஆனால் ஒரு பொம்மை மனிதன் நடப்பான், அகழியில் விழுந்து முதலைக்கு இரையாவான். அதில் ஒரு குள்ளனின் பெயரைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் குழந்தைக் கதை ஒன்றில் வருகிற பெயரை, ஆங்கில எழுத்து வரிசையைத் தலைகீழாகத் திருப்பி எழுதினால்தான் விடை. இதையெல்லாம் ஆச்சியிடம் எப்படிக் கேட்பது? குருவிக்கும் கம்புக்கும் அகராதி வேண்டாம். இது அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டும் போட்ட பூட்டு. எனக்கு அது இன்றைக்கும் மோசமான புதிராகத்தான் படுகிறது.

1990இல் வந்த மங்கி ஐலண்ட் நிஜமாகவே அழகு. வினைச்சொற்கள் திரையின் கீழே வரிசையாக இருக்கும், மவுஸால் தொட்டால் போதும். எனக்கு உள்ளூர ஒரு ஏமாற்றம். இத்தனை பாடுபட்டுச் சேர்த்த வினைச்சொல்லுக்கெல்லாம் வேலையில்லை என்று ஆகிவிட்டது. தொடங்கும்போது கடற்கொள்ளைக்காரன் முகம் ஒன்றைக் காட்டி வருஷம் கேட்கும். பெட்டியோடு வரும் அட்டைச் சக்கரத்தைச் சுற்றித்தான் பதில் பார்க்க முடியும். எங்களிடம் இருந்தது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ்; வெட்டிக் குண்டூசி குத்திச் சுற்றினால் எல்லாக் கொள்ளைக்காரனும் கரிபூசின மாதிரி ஒரே முகமாக இருப்பான்.

விடுமுறைக்குப் போனபோது ஆச்சி கேட்டாள், இப்போ எந்தக் குகை என்று. சொல்லத் தொடங்கினேன். ஒரு தீவு, ராத்திரி, துறைமுகம், நிலா. சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் படத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். நடுவில் கப்பி வைத்த ரப்பர் கோழி ஒன்று என்றேன். பேசாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அட்வெஞ்சரை நான் வண்ணார்பேட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு வாயிலேயே கொண்டுவந்துவிட்டேன். ஒன்றும் சிந்தவில்லை. இதை மானிட்டரோடு தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. ஒன்று மட்டும் தேறியது. அதில் கத்திச் சண்டையில் ஜெயிக்கக் கத்தி வீசத் தெரிய வேண்டாம், எதிராளி திட்டுகிற திட்டுக்குச் சரியான பதில் திட்டுத் தெரிய வேண்டும். அதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப உங்க பெரியாச்சிய அனுப்புங்கல. மூணு தீவு பிடிப்பா."

பேசிக் மொழியில் நானும் இப்படி ஒரு விளையாட்டு எழுதப் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனில் தொடங்கும், வடக்கே போனால் படித்துறை. நாற்பது அறை ஆனதும், வேறு வரிக்குத் தாவச் சொல்கிற 'கோ டூ' கட்டளைகளில் எது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. குரோத்தர் ஒரு மலையையே எழுதினார், எனக்கு ஒரு தெரு முடியவில்லை.

ஆச்சி 1999இல் போய்விட்டாள். அண்ணன் மஸ்கட்டில். 2020 லாக்டவுனில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அந்தப் பழைய அட்வெஞ்சர் இப்போது பிரவுசரிலேயே ஓடுகிறது என்று தெரிந்து, பற்றுவரவு நோட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். கறையான் ஓரங்களை மட்டும்தான் தின்றிருந்தது. பதினோரு ராத்திரி. விளக்கக் குறிப்பு வேண்டாம் என்றே தொடங்கினேன், விளக்கைக் குகைக்குள்தான் ஏற்றினேன். முடிந்தபோது 349. ஒரு புள்ளி குறைந்தது. அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். அங்கே பதினொன்றரை மணி இருக்கும், உடனே கூப்பிட்டான்.

"ஏலே, அந்தக் குகைப் பத்திரிகை ஒண்ணு கெடக்கும்லா, அத எங்க போட்ட?"

"அது சும்மா கெடக்குன்னு எடுக்கவே இல்ல, அண்ணே."

"விட்ஸ் எண்டுன்னு ஒரு ரூம் உண்டு. அங்க கொண்டு போயிப் போடணும். அதுக்கு ஒரு புள்ளி."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? போட்டா ஒரு புள்ளி, அவ்வளவுதான்." அவனும் அங்கே தனியாக உட்கார்ந்து விளையாடி முடித்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. சுவர் மந்திரத்தை இன்னும் வாயால் முருகா என்றுதான் சொல்லிக்கொண்டு அடிக்கிறானாம்.

மறுநாள் ராத்திரி புதிதாகத் தொடங்கினேன். அந்த ஒரு புள்ளிக்காகத்தான். சாவி, விளக்கு, கூண்டு, கம்பு. குருவி அறைக்கு வந்ததும் கம்பைக் கீழே போட்டேன், குருவியைப் பிடித்தேன். மண்டபத்துக்கு இறங்கினேன். திறந்துவிட்டதும் அது பாம்பைத் துரத்தியது. வழக்கமாக அங்கிருந்து மேற்கே போக வேண்டும். நான் குருவியைத் திரும்பப் பிடித்துக் கூண்டில் வைத்துக்கொண்டேன். வந்த வழியே ஏறி, சுவரில் கிறுக்கல் இருக்கும் அறைக்குப் போய் அந்தச் சொல்லை அடித்தேன். செங்கல் கட்டடத்திலிருந்து வெளியே வந்தால் ரோடு, காடு, ஓடை. விளக்கை அணைத்தேன். கூண்டைத் திறந்து குருவியை விடு என்று அடித்தேன்.

ஓகே என்றது. புள்ளி ஒன்றும் ஏறவில்லை.